ஒயிலை வீட்டிலேயே மாற்றலாமா? ரேடியேற்றர் நீர் எங்கே போகிறது?

ஒட்டுசுட்டான்காரன்:

வணக்கம். என்னிடம் இருப்பது ரொயோட்டா கொரோலா 121, 1500 சிசி பெற்றோல் இயந்திரம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட வேளையில் விற்காமல் வைத்துக்கொண்டேன். 2025இல் இறக்குமதியைத் திறந்த பின்னரும் புதியதொன்றின் விலை எட்டாத உயரத்தில் நிற்பதால், இன்றும் அதுவே எங்கள் வீட்டு வண்டி. வாரத்தில் இரண்டு நாட்கள் மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்குப் போய் வருகிறேன்.

முதலாவது, ஒயில். சென்ற முறை மாற்றிக்கொடுத்த கராச்சில், ஒயில் தேங்கும் அடித்தட்டான சம்பின் நட்டை, சாவியில் நீளக் குழாய் கோத்து இறுக்கியிருக்கிறார்கள். பழைய வொஷரையும் மாற்றவில்லை. மூன்றாம் நாளே முற்றத்து மணலில் கறுப்புப் பொட்டுகள் விழத் தொடங்கின. கேட்கப் போனால், பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே இனி நானே மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சைக்கிள் சில்லைக் கழற்றிப் பூட்டியதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை.

இரண்டாவது, ரேடியேற்றர். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்ரிக் போத்தலில் வாரத்துக்கு ஒரு விரற்கடை அளவு நீர் குறைகிறது. நான் வீட்டுக் கிணற்று நீரை ஊற்றி நிரப்பிக்கொண்டு வருகிறேன். நிறுத்தும் இடத்தில் முன்பக்கத்து இடப்புறமாகச் சில துளிகள் விழுந்திருப்பதைக் காண்கிறேன், ஆனால் அவை நிறமற்றவை. இரண்டு வாரங்களுக்கு முன் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்க நிறுத்தி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, கற்பூர மணத்துக்கும் வறுத்த மண்ணின் மணத்துக்கும் நடுவே பாகு காய்ச்சியது போன்ற ஓர் இனிப்பு மணம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வந்தது. பொனற்றைத் திறந்து பார்த்தேன். ஈரம் எங்கும் தெரியவில்லை. வெப்பம் காட்டும் ஊசியும் வழக்கம்போல நடுவிலேயே நின்றது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் மணம் இல்லை. இதை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கனகராயன்குளத்தான்:

உங்கள் இரண்டு கேள்விகளையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன். ஒயில் மாற்றுவதற்காக வண்டியின் கீழே படுக்கும் அரை மணி நேரத்தில்தான் மேலிருந்து தெரியாத ஒழுக்குகள் கண்ணில் படுகின்றன. நான் பத்து வருடங்களுக்கு மேலாக என் வண்டிக்கு நானே ஒயில் மாற்றுகிறேன். மிச்சமாகும் கூலி பெரிய தொகையல்ல, ஆனால் கீழே என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

தொடங்குமுன் வண்டியை உயர்த்துவது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். எங்கள் மணற்தரையில் ஜக்கின் அடி மெல்ல மெல்லப் புதையும். அதற்குக் கீழே அகலமான பலகை போட வேண்டும். சீமெந்துக் கல்லை அண்டையாக வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பொந்து உள்ள அந்தக் கல், பாரம் ஓரிடத்தில் குவிந்தால் எவ்வித முன்னறிவிப்பும் இன்றி நொறுங்கிவிடும். பனங்குற்றி உருளும். நான் இரண்டு அங்குலத் தடிப்புள்ள முதிரைப் பலகைத் துண்டுகளைப் படிபோல அடுக்கி, ஆணியடித்துப் பொருத்தி, முன்சில்லுகள் இரண்டையும் அவற்றின்மேல் ஏற்றிவிட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைபிறேக்கையும் இழுத்து விடுகிறேன். நாலு அங்குல உயரம் கிடைத்தாலே போதும். படுக்குமுன் வண்டியை ஒருமுறை பலமாக உலுக்கிப் பாருங்கள்.

உங்கள் இயந்திரத்துக்குப் பில்ற்றரையும் மாற்றினால் 3.7 லீற்றர் ஒயில் பிடிக்கும். நாலு லீற்றர் கான் ஒன்று போதுமானது. எங்கள் வெக்கைக்கு 10டபிள்யூ-30 தடிப்புள்ள ஒயில் சரியாக இருக்கும், 5டபிள்யூ-30 ஊற்றினாலும் பிழையில்லை. ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒயில் இளஞ்சூடாக இருந்தால் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கிளிநொச்சியிலிருந்து வந்த சூட்டோடு கழற்றினால் உங்கள் கைதான் வெந்துபோகும். மேலே ஒயில் ஊற்றும் மூடியை முதலில் திறந்துவைத்துவிட்டு, 14 மில்லிமீற்றர் சாவியால் நட்டைத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளை விரலால் மேல்நோக்கி அழுத்தியபடியே கழற்ற வேண்டும். முதற்பாய்ச்சல் நேராக விழாது, ஒரு முழத் தூரம் வளைந்து விழும். பாத்திரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

நட்டைத் திரும்பப் பூட்டும்போது புதிய வொஷர் கட்டாயம். முதல் ஐந்தாறு சுற்றுகள் விரலாலேயே போக வேண்டும். இடையில் எங்காவது பிடித்தால் அந்தக் கராச்சில் புரியைக் கெடுத்திருக்கிறார்கள் என்று பொருள், அப்போது வலுக்கட்டாயமாக இறுக்காமல் நிறுத்திவிட்டு எழுதுங்கள். இறுக்க வேண்டிய அளவு ஏறக்குறைய 38 நியூட்டன் மீற்றர். அளவு காட்டும் சாவி இல்லாவிட்டால், ஒரு சாண் நீளமுள்ள சாவியின் நுனியில் 17 அல்லது 18 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அதுவே என்று மனதில் வையுங்கள். நீளக் குழாய்க்கு அங்கே வேலையில்லை.

பில்ற்றரில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பில்ற்றரைக் கழற்றியபோது அதன் இறப்பர் வளையம் இயந்திரத்தோடேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நான் கவனிக்காமல் புதியதை அதன்மேல் பூட்டிவிட்டேன். இயந்திரத்தை இயக்கிய சில விநாடிகளில், இரண்டு வளையங்களுக்கும் நடுவால் ஒயில் பீறிட்டு, கால்வாசிக்கு மேல் மணலுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து பழைய பில்ற்றரைத் திருப்பிப் பார்த்து, அதில் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிய பின்னரே அடுத்ததைத் தொடுகிறேன். புதிய வளையத்தில் ஒரு துளி ஒயில் தடவி, அது முட்டிய இடத்திலிருந்து கையால் முக்கால் சுற்று மட்டும் இறுக்குங்கள்.

இனி ரேடியேற்றர். முறிகண்டியில் வந்த மணம் தற்செயலானதல்ல. இயந்திரம் ஓடும்போது வோட்டர் பம்ப் நீரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, முன்னாலிருந்து காற்றும் அடிக்கிறது. நிறுத்திய கணத்தில் இரண்டும் நின்றுவிடுகின்றன. ஆனால் சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு வேறு வழியின்றி அசையாது நிற்கும் நீருக்குள் இறங்குவதால், அடுத்த சில நிமிடங்களுக்கு நீரின் வெப்பமும் அழுத்தமும் ஓட்டத்தில் இருந்ததைவிட மேலே ஏறுகின்றன. மயிரிழை வெடிப்பொன்று இருந்தால் அது அப்போதுதான் திறக்கும். வெளியே கசிந்தது சூடான உலோகத்தில் பட்டவுடனேயே ஆவியாகிவிடும்; அதனால்தான் உங்களுக்கு மணம் கிடைத்தது, ஈரம் கிடைக்கவில்லை.

ஆகவே ஈரத்தைத் தேடாதீர்கள், ஈரம் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். காலையில், இயந்திரம் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, ரோச் வெளிச்சத்தோடு ரேடியேற்றரின் மேல் பிளாஸ்ரிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் கிளிப் போட்ட இடங்கள், சாரதிப் பக்கத்தில் பெல்ற்றுக்குப் பின்னால் இருக்கும் வோட்டர் பம்பின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்ததுபோல ஒரு பொருக்குத் தெரியும். பம்பின் அடியில் சிறு துளையொன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் நீர் வழியும். எங்கே கண்டாலும் அதற்கு மேலேயும் பாருங்கள், ஏனென்றால் நீர் மேலிருந்து கீழே வழிந்து, காற்றில் பின்னுக்கும் தள்ளப்படும். மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கும் தடமே மூலம். போத்தலில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் ஒட்டுத் துண்டொன்றை ஒட்டி, எப்போதும் காலையில் மட்டும் பாருங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள். அந்த எண் மூடி தாங்கும் அழுத்தம், பார் அளவில். 1.1 பார் அழுத்தத்தில் வெறும் நீர்கூட 120 பாகைக்கு மேலேதான் கொதிக்கும். மூடியைத் திறந்தவுடன் கொதிநிலை 100க்கு விழுவதால், உள்ளிருப்பது அத்தனையும் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

பரந்தன்சந்தி:

மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன். இரண்டு விடயங்களைச் சேர்க்க வேண்டும்.

இடப்புறத்து நிறமற்ற துளிகள் அநேகமாக ஏசியிலிருந்து வடியும் நீர். விரலில் தொட்டு இரண்டு விரல்களுக்கு இடையில் உரசிப் பாருங்கள். வழுக்காமல், மணமில்லாமல், வெறும் நீராக இருந்தால் அதை மறந்துவிடலாம். கூலன்ற், அதாவது ரேடியேற்றருக்கென்று விற்கும் திரவம், சற்று வழுவழுப்பாக இருக்கும். எக்காரணம் கொண்டும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அது நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும். நிலத்தில் கொட்டினால் உடனே கழுவி, மண் போட்டு மூடுங்கள்.

ஊசி நடுவில் நிற்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். நீர்மட்டம் வெப்பத்தை அளக்கும் சென்சருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது காற்றின் வெப்பத்தைத்தான் அளக்கும். இயந்திரம் வெந்துகொண்டிருக்கும்போதுகூட ஊசி சாதுவாக நிற்கலாம். கண்ணால் எதையும் காண முடியாவிட்டால், ரேடியேற்றர் வேலை செய்யும் கராச் ஒன்றில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப் ஒன்றைப் பூட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றிக் கால்மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் குளிர்ந்திருப்பதால் கசிவது ஆவியாகாமல் துளியாகவே தெரியும். அழுத்தம் இறங்கியும் வெளியே துளி தெரியவில்லை என்றால், ஒன்றில் உள்ளேயுள்ள ஹீற்றர் ஒழுகி முன்னிருக்கைக்குக் கீழேயுள்ள கம்பளம் நனைந்திருக்கும், அல்லது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கஸ்கற் போயிருக்கும்.

பழையமொறிஸ்:

தம்பி, மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வேண்டாததொன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் யாராவது ஒருவர் உங்களிடம் அதைக் கட்டாயம் சொல்வார்: ஒழுக்கை அடைக்க ரேடியேற்றருக்குள் மஞ்சள்தூள் போடுவது.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது நாங்கள் அதைச் செய்தது உண்மை. என்னுடைய மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு இயக்கிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து சம்புக்குள் இறங்கும். இரண்டு கிழமையில் ஒயில் தண்ணீராகிவிடும், அளவுகோலில் மட்டம் குறையாமல் கூடிக்கொண்டே போகும். மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு ஒயில் கிடைக்காது. வடித்த ஒயிலைப் போத்தல்களில் ஊற்றி வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, மேலே நின்றதைத் திரும்ப ஊற்றியிருக்கிறோம். அது வேறு வழியில்லாத காலத்து வேலை.

மஞ்சள்தூளும் அப்படித்தான். அன்றைய ரேடியேற்றர் பித்தளையும் செம்பும், குழாய் அகலமானது, ஒழுகினால் ஈயம் வைத்து ஒட்டலாம், அடைத்தால் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தலாம். இன்றைய அலுமினியக் குழாயின் உள்வழி மெல்லியது. நீங்கள் போடும் தூள் ஒழுகும் இடத்தை மட்டும் தேடிப் போய் அடைக்காது. முதலில் அடைபடுவது குழாய்கள்தாம். கடையில் விற்கும் ஒழுக்கடைக்கும் மருந்தையும் நான் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். நடுக்காட்டில் நின்றுபோனால் வீடு வந்து சேருவதற்கு உதவலாம், அதற்குமேல் வேண்டாம்.

இன்னொன்று, கிணற்று நீரை நிறுத்துங்கள். எங்கள் பகுதி நீரில் கேத்தலின் அடியில் எப்படி வெள்ளைப் படை கட்டுகிறதோ, அப்படியே ரேடியேற்றருக்குள்ளும் கட்டும். பூநகரிப் பக்கத்து உவர்நீர் இன்னும் மோசம், அலுமினியத்தையே அரித்துவிடும்.

ஒட்டுசுட்டான்காரன்:

அண்ணைமாருக்கும் ஐயாவுக்கும் நன்றி. சனிக்கிழமை காலையில் மூன்று மணித்தியாலம் செலவழித்தேன்.

ஒயில் மாற்றியாகிவிட்டது. நட்டைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டோம், அவ்வளவு இறுக்கம். வொஷர் ஒருபக்கம் நசுங்கி, ஓரத்தில் பிளந்திருந்தது; கறுப்புப் பொட்டுகளுக்குக் காரணம் அதுதான். நல்ல வேளையாகப் புரி கெடவில்லை, விரலால் பத்துச் சுற்றுகள் தடையின்றிப் போனது. பழைய பில்ற்றரின் வளையம் பில்ற்றரிலேயே இருந்தது, தடவிப் பார்த்தேன். இயக்கிய பின் ஒயில் விளக்கு மூன்று விநாடியில் அணைந்தது. இரண்டு நாட்களாகக் கீழே காட்போட் மட்டை விரித்திருக்கிறேன், பொட்டு எதுவும் இல்லை.

கூலன்ற் விடயத்தில் மூன்றைக் கண்டேன். இடப்புறத்து நீர் ஏசியுடையதுதான். பம்பின் அடி காய்ந்திருந்தது. ரேடியேற்றரின் மேல் தொட்டியில், ஹோஸ் நுழையும் கழுத்திலிருந்து நாலு விரல் தள்ளி, அலுமினிய மடிப்பின் மேலாக இளஞ்சிவப்புப் பொருக்கு ஒரு நூல்போல ஓடுகிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. அந்தத் தொட்டியே கறுப்பு நிறம் மாறி மண்ணிறமாக இருக்கிறது. அதோடு, காலையில் பார்த்தபோது மேல் ஹோஸ் யாரோ இரண்டு பக்கமும் பிடித்து நசித்ததுபோல உள்ளே ஒடுங்கியிருந்தது. மூடியைத் திருகித் திறந்ததும் உஸ் என்று காற்றை இழுத்துக்கொண்டு பழைய வடிவத்துக்கு வந்தது. இது எதனால்? ஒயிலில் நீர் கலந்தால் வரும் பால்போன்ற படலம் எதுவும் ஒயில் மூடியின் உட்புறத்தில் இல்லை.

மற்றொரு கேள்வி, வடித்த பழைய ஒயிலை என்ன செய்வது? பக்கத்து வீட்டு அம்மா கறையானுக்கு வேலிக்கட்டையில் பூசக் கேட்கிறார்.

கனகராயன்குளத்தான்:

ஹோஸ் ஒடுங்கியது மூடியின் பிழை. அந்த மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. சூடேறி அழுத்தம் கூடும்போது பெரியது திறந்து நீரைப் போத்தலுக்குத் தள்ளுகிறது. இரவில் குளிர்ந்து நீர் சுருங்கும்போது நடுவிலுள்ள சிறியது திறந்து அதே நீரைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. சிறியது இறுகிப்போனால் இழுப்பதற்கு வழியில்லாமல் ஹோஸ்தான் ஒடுங்கும். உங்கள் கணக்கில் ஒரு குழப்பமும் இதனால் வந்திருக்கலாம்: போத்தலுக்குப் போன நீர் திரும்பாததால், ரேடியேற்றர் குறைந்திருந்தும் போத்தலில் மட்டம் ஓரளவுக்கு இருப்பதாகத் தோன்றும். நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாக நீர் போயிருக்கக்கூடும். பழைய மூடியில் எழுதியிருக்கும் அதே எண்ணுள்ள புதிய மூடியை வாங்குங்கள்; எண் கூடியதை வாங்கினால் பழைய பிளாஸ்ரிக் மேலும் வெடிக்கும்.

தொட்டி மண்ணிறமாகியிருந்தால் அந்தப் பிளாஸ்ரிக்கின் ஆயுள் முடிந்துவிட்டது. சூடும் குளிரும் மாறி மாறி வருவதால் அது பொருபொருத்துப் போகும். ஹோஸைக் கழற்றும்போது கழுத்தே உடைந்து கையோடு வந்ததைக் கண்டிருக்கிறேன். பசை வைத்து ஒட்டுவதில் பயனில்லை. ரேடியேற்றரையே மாற்றுங்கள், கூடவே இரண்டு ஹோஸ்களையும் கிளிப்களையும் மாற்றிவிடுங்கள். கழற்றும் சமயத்தில் அதற்கு முன்னால் நிற்கும் ஏசிக் கொண்டென்சரையும் பாருங்கள். காலபோக அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டிருக்கும் பாதையால் போய் வரும் வண்டிகளில், இரண்டுக்கும் இடையில் பதரும் வைக்கோல் துணுக்கும் பஞ்சுபோல அடைந்திருக்கும். பின்னாலிருந்து முன்னுக்கு, அதாவது இயந்திரப் பக்கத்திலிருந்து, சாதாரண ஹோஸ் நீரால் மெதுவாக அடித்தால் போதும். சேர்விஸ் நிலையத்து அழுத்த நீர் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

புதிதாக நிரப்புவதற்கு, கலந்தே விற்கும் கூலன்ற்றை வாங்கினால் நீர் பற்றிய கவலை இல்லை. செறிவானதை வாங்கினால் பாதிக்குப் பாதி பெட்டறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைக் கலக்கவும். கடையில் கேட்கும்போது பெட்டறி அசிட்டை மாற்றித் தந்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். அது கிடைக்காத இடத்தில், குடிப்பதற்கென்று ஊர்களில் நிறுவியிருக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையத்து நீர் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். பனி விழாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே நாம் அதை ஊற்றுவது உறையாமலிருக்க அல்ல, அரிக்காமலிருக்கவும் கொதிநிலை உயரவும்தான். நிறத்தை நம்பாதீர்கள், இரண்டு நிறுவனங்களின் சிவப்பு ஒன்றாக இருக்காது. கூலன்ற் போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து, பழையதை முழுவதும் வடித்துக் கழுவிய பின் ஒரே வகையை ஊற்றுங்கள்.

நிரப்பும்போது மூடியைத் திறந்தபடி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, இயந்திரத்தை ஓடவிடுங்கள். சூடேறியதும் நீருக்கு வழிவிடும் தேர்மோஸ்டாற் 82 பாகையளவில் திறந்தவுடன் மட்டம் திடீரென்று இறங்கும், குமிழிகள் வரும்; அப்போது மேலும் ஊற்றுங்கள். குமிழி நின்று, கீழ் ஹோஸும் சுட்ட பிறகு மூடுங்கள். அரைமணி நேரத்துக்குப் பிறகும் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது காற்றல்ல, ஹெட் கஸ்கற் வழியாக வரும் புகை. அப்படியானால் பரந்தன்சந்தி சொன்ன இடத்துக்குப் போக வேண்டும்.

பழைய ஒயிலை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். கட்டையில் பூசியது மாரி மழையோடு மண்ணுக்குள் இறங்கும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனங்கள் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உங்கள் கிணறும் வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். புது ஒயில் வந்த கானிலேயே ஊற்றி மூடி, பீப்பாவில் கழிவொயில் சேர்க்கும் கராச் ஒன்றில் கொடுங்கள், பெரும்பாலானோர் வாங்கிக்கொள்வார்கள்.

ஒட்டுசுட்டான்காரன்:

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். ரேடியேற்றர், மூடி, ஹோஸ்கள், கிளிப்கள் எல்லாம் மாற்றியாகிவிட்டன. பழையதைக் கழற்றும்போது அண்ணை சொன்னபடியே கழுத்து கையோடு வந்தது. கொண்டென்சருக்குப் பின்னாலிருந்து ஒரு சுளகு நிறையப் பதர் எடுத்தேன். மூன்று வாரங்களாக நீர்மட்டம் ஒட்டுத் துண்டின் கோட்டிலேயே நிற்கிறது. முறிகண்டியில் கச்சான் வாங்கும்போது பொனற்றைத் திறந்து மணந்து பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. கச்சான் விற்கும் அக்கா, வண்டிக்கு என்ன வருத்தம் தம்பி என்று போன கிழமையும் கேட்டார்.